தொலைக்காட்சித் திரையில் விளையாட்டு வகைகள்

வீடியோ கேம் என மக்கள் வழங்கும் நிகழ்பட விளையாட்டினைச் சிறுவர்தம் வீண்பொழுதெனக் கருதி ஒதுக்குவார் நம்மிடைப் பலர். ஆயினும், ஆராயப்புகுவார்க்கு அஃது ஓர் இலக்கண வினாவை முன்வைக்கின்றது. இவ்விளையாட்டுகளை வகைப்படுத்துதற்கு அடிப்படை யாது? விண்கலம் தோன்றின் விண்வெளி விளையாட்டென்றும், பந்து தோன்றின் பந்து விளையாட்டென்றும் கூறுதல் உலக வழக்கு. அவ்வழக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பொருளதிகாரத்தில் தொல்காப்பியர் முதல், கரு, உரி என மூன்றனைக் கூறி, அவை முறையே ஒன்றினொன்று சிறந்தன என வைத்தார். நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்து விலங்கும் பறையும் பிறவும் கரு. மாந்தரது ஒழுக்கம் உரி. மயிலும் மானும் மயங்கி வரினும் பாட்டின் திணையை நிறுவுவது உரிப்பொருளே. பாட்டுக்கும் பொறிக்கும் உறவு கற்பிக்க முயல்கின்றேன் அல்லேன். ஆயினும் திரையில் நாம் காண்பன கருப்பொருள், ஆடுவான் செய்யும் செயல் உரிப்பொருள் எனக் கொள்ளின், இவ்விளையாட்டுகளின் தொடக்க வரலாறு நன்கு விளங்கும்.

அவ்வரலாறு வீட்டினுள் புகுந்தது 1972இல். அமெரிக்கப் பொறியியலாளர் ரால்ப் பேயர் என்பார், தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்தற்கன்றி ஆடுதற்கும் பயன்படுத்தலாமென 1966 செப்டெம்பரில் நான்கு பக்கக் குறிப்பொன்று வரைந்தார். அதன் பயனே மக்னவொக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஒடிசி என்னும் கருவி. அது திரையில் காட்டவல்லது மூன்று வெண்புள்ளிகளும் ஒரு கோடுமே. ஓசையில்லை, நிறமில்லை, வென்றவர் தோற்றவர் கணக்கும் ஆடுவோரே தாளில் எழுதல் வேண்டும். இவ்வறுமையை மறைத்தற்கு அவர்கள் கண்ட உபாயம் சுவையானது. வண்ணம் தீட்டிய ஒளிபுகு தாள்களைத் திரைமேல் ஒட்டினர். ஒரு தாளை ஒட்டின் அது டென்னிஸ் களம். வேறொன்றை ஒட்டின் ஹொக்கி ஆடரங்கு. சூதாடு காய்களும் சீட்டுகளும் பொய்ப்பணமும் பெட்டியுள் உடன் வந்தன. தாள் மாற மாறக் களம் மாறிற்று. புள்ளியை நகர்த்திப் புள்ளியைத் தடுக்கும் செயலோ பல ஆட்டங்களில் மாறவில்லை. கரு பலவாகவும் உரி ஒன்றாகவும் நின்றமைக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

அவ்வாண்டிலேயே அட்டாரி நிறுவனம் பொங் என்னும் பந்தாட்டத்தைப் பொதுவிடங்களில் நிறுத்தியது. 1975இல் அதன் வீட்டு வடிவம் விற்பனைக்கு வந்தது. 1976இல் ஜெரி லோசன் தலைமையில் உருவான பெயர்சைல்ட் சனல் எப், விளையாட்டைக் கருவியினின்றும் பிரித்துத் தனிப்பேழையில் அடைத்தது. இப்பேழையே பிற்காலத்து மக்கள் வழக்கில் கசெட் எனப் பெயர் பெற்றது.

1977இல் வந்த அட்டாரி வீ.சீ.எஸ். கருவியே வகைகள் பெருகிய களம். அதன் நினைவிடம் 128 பைட்; அஃதாவது 128 ஆங்கில எழுத்துகளுக்கே போதுமான இடம். ஆடுவோர் உருவம் இரண்டு, எறிபடை இரண்டு, பந்து ஒன்று என ஐந்து அசையும் பொருள்களையே அதன் அமைப்பு அறியும். ஏனெனின், இருவர் பந்தாடுதலும் இருவர் பீரங்கி வண்டியாற் பொருதலுமே அமைத்தோர் கருத்தில் இருந்தன. இரண்டு உருவத்துக்கு இயன்ற கருவியில் படை அணிவகுப்பு எங்ஙனம் தோன்றும்? மின்கதிர் கோடு கோடாகத் திரையில் இறங்குகையிலேயே ஒரே உருவைப் பன்முறை மாற்றி வரைந்தனர். நிஷிகாடோ தொமொஹிரோ 1978இல் ஜப்பானில் இயற்றிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் 1980இல் வீட்டுத் திரைக்கு வந்தது இத்தகைய நுட்பத்தால். சுடுதல் என்னும் உரிப்பொருள் அதனோடு வீடுகளில் வேரூன்றியது.

தேடுதல் என்னும் உரிப்பொருள் அட்வென்சர் என்னும் விளையாட்டில் 1980இல் அதே கருவிக்கு வந்தது. அதில் வீரன் ஒரு சதுரம். பறவைநாகம் வாத்துப்போலத் தோன்றும். ஆயினும் திறவுகோல் தேடிக் கோட்டை கோட்டையாக அலைந்தவர் அதனைக் குறையாக எண்ணிற்றிலர். ஆக்கியோன் பெயரை வெளியிட அந்நிறுவனம் இசையாமையின், அதனை இயற்றிய வொரன் ரொபினெட் மறைவான அறையொன்றில் தம் பெயரைப் பொறித்து வைத்தார். தம் பாட்டின் தொடராலேயே பெயர் பெற்ற செம்புலப்பெயனீராரை இங்கு நினையாதிருத்தல் அரிது. இக்குறையைப் பொறாது விலகிய நால்வரின் பங்கோடு 1979இல் தோன்றிய அக்டிவிசன் நிறுவனமே ஆக்கியோர் பெயரை வெளிப்படையாக அச்சிட்டது. அங்கு டேவிட் கிரேன் 1982இல் இயற்றிய பிட்போல், ஓடித் தாவும் வகைக்கு வழிகாட்டியது.

அமெரிக்க வணிகம் 1983இல் சரிந்தது. அவ்வாண்டு யூலையில் ஜப்பானில் நின்டென்டோவின் பமிகொம் வெளிவந்தது. தாவுதல் 1985இல் சூப்பர் மாரியோ பிரதர்ஸாக முழுமையுற்றது. 1986இல் வந்த டிரகன் குவெஸ்ட் பல நாள் தொடரும் கதை விளையாட்டு. விட்ட இடத்தைப் பேழை நினைவிற் கொள்ளாதாகலின், மந்திரம் போன்றதோர் எழுத்துத் தொடரை ஆடுவோன் ஏட்டில் எழுதிவைத்து மறுநாள் உள்ளிடல் வேண்டும். ஓரெழுத்துப் பிழைப்பின் அத்தனை உழைப்பும் போயிற்று!

இனி நம் நாட்டு நிலை. ஒடிசி வெளிவந்த காலத்து இலங்கையில் தொலைக்காட்சியே இல்லை. 1979 ஏப்பிரல் 13இல் கொழும்பையும் அதன் அயலையும் அளாவிய சுயாதீனத் தொலைக்காட்சி தொடங்கிற்று. ரூபவாகினி 1982 பெப்ருவரி 15இல் வந்தது. ஆதலின் மேற்கூறிய படிகள் பல நமக்கு முறையாக வாய்த்தில. 1990ஆம் ஆண்டுகளில் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கை வீடுகளிலும் பிள்ளைகள் கையில் இருந்தவை பெரும்பாலும் பமிகொமின் போலிகள். ஒரே கசெட்டில் எண்ணிறந்த விளையாட்டுகள் உள என மேலொட்டு கூறும். திறந்து பார்ப்பின் சிலவே வெவ்வேறு பெயரில் மீண்டும் மீண்டும் வரும். ஒடிசியின் வண்ணத்தாள் செய்த வேலையை ஈண்டுப் பெயர்ப்பட்டியல் செய்தது. ஆக்கிய நிறுவனத்தின் பெயரும் பல கசெட்டுகளில் நீக்கப்பட்டிருந்தது. அப்பிள்ளைகளோ பெயரை நம்பாது, 'சுடுகிறது', 'பாய்கிறது', 'கார் ஓடுகிறது' எனச் செயலாற் சுட்டினர். நூல் கல்லாமலே உரிப்பொருள் கண்டவர் அவர்.

இலங்கை நீர்ப்பாசனத் திணைக்களத்திற் பணியாற்றிய ஹென்றி பார்க்கர், 1909இல் வெளிவந்த தம் பண்டைய இலங்கை பற்றிய நூலில், நம் பல்லாங்குழியின் இனமாகிய ஒலிந்த கெளிய முதலாகப் பல பலகை விளையாட்டுகளை ஆடும் முறையோடு பதிவு செய்தார். சிறுத்தையும் மாடும் எதிர்நிற்கும் சிங்கள ஆட்டத்தை நம் ஆடுபுலி ஆட்டத்தோடு ஒப்பிடின், விலங்கின் பெயர் வேறுபடும். சிலர் பலரை வெட்டுதலும் பலர் சிலரை மடக்குதலும் ஒன்றே. பழைய அலுமாரிகளில் அக்கசெட்டுகள் எஞ்சிக்கிடப்பின், மாணவர் எவரேனும் அவற்றின் பட்டியலைப் படியெடுத்து, ஒவ்வொரு பெயரின்கீழும் ஆடுவோன் செய்யும் செயல் யாதென எழுதிவைத்தல் நன்று. மின்சுற்றுப் பழுதாவதன் முன்னர் அது செய்யப்படல் வேண்டும்.