அணைத்த பெட்டியும் அடிக்கும்: பழைய வால்வு கருவி வாங்குவோருக்கு

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடம் வால்வு (வெற்றிடக் குழாய்) காலத்தைப் பார்த்ததில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியதே 1998இல்தான். ஆனால் பழைய பாலிடெக்னிக் ஆய்வகமோ கிண்டிப் பட்டறையோ கழித்துப்போடும் ஆசிலோஸ்கோப்பையும் வால்வு வோல்ட்மீட்டரையும் ஆசையாக வாங்குகிறவர்கள், பெரும்பாலும் இங்கே லைனில் நிற்கும் டெக்னீஷியன்களைப் போன்ற கைத்தேர்ச்சி உள்ளவர்கள்தான். நல்ல ஆசை. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961இல் ரிசீவிங் வால்வு தயாரிக்கத் தொடங்கியது. அந்தத் தலைமுறையின் கைவேலை இரும்பு விலைக்குப் போய்விடாமல் காப்பாற்றுவது மதிப்புள்ள காரியம்.

டெக்ட்ரானிக்ஸ் 545 ஆசிலோஸ்கோப்பின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் பீங்கான் பட்டைகள் வரிசையாக இருக்கும். அவற்றின் பள்ளங்களில் உதிரிபாகங்களின் கால்களைப் பற்றவைத்திருப்பார்கள். பள்ளத்தில் இருப்பது வெள்ளிப் பூச்சு. சாதாரண ஈயத்தை வைத்துத் திரும்பத் திரும்பச் சுட்டால் வெள்ளி ஈயத்தில் கரைந்து, பிடிப்பு விட்டுவிடும். அதனால்தான் வெள்ளி கலந்த ஈயக்கம்பியைச் சின்னச் சுருளாகக் கருவிக்குள்ளேயே வைத்து அனுப்பினார்கள். இப்படிப்பட்ட பொருளைச் சரிசெய்ய அவசரக்கை ஆகாது.

மொபைல் போர்டில் 5 வோல்ட், 12 வோல்ட்டோடு பழகிய கைக்கு இந்தப் பெட்டி வேறு உலகம். வால்வுக்குப் போகும் மின்னழுத்தம் 250, 350 வோல்ட் என்று இருக்கும். ஸ்கோப்பின் படக்குழாயில் ஆயிரக்கணக்கில் இருக்கும். 545இல் அது 10,000 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். ஸ்குரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்து தீப்பொறி பார்ப்பது தவறான பழக்கம். காப்புள்ள கிளிப் வயரில் 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இணைத்து, ஒரு முனையைச் சேசிஸில் மாட்டி, மறுமுனையைக் கெபாசிட்டரில் வைத்து வடியவிட வேண்டும். இன்னொரு கை பெட்டியைத் தொடக் கூடாது. பிறகு மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். வடித்த கெபாசிட்டரிலும் சில நிமிடங்களில் மின்னழுத்தம் மறுபடி ஊறும் என்பதால், வேலை முடியும்வரை கிளிப்பை எடுக்காதீர்கள். படக்குழாய்ப் பகுதி புதியவர்களுக்கானதல்ல. அதற்கு உயர் மின்னழுத்தப் புரோபும் கற்றுத்தரும் ஆளும் வேண்டும்.

பலரும் நம்பி ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. வீட்டில் மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதே, ஷாக் அடித்தால் விழுந்துவிடுமே என்று நினைக்கிறார்கள். கருவிக்குள் டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கத்தில் கை பட்டால் ஆர்சிசிபிக்கு எதுவுமே தெரியாது. அது விழாது.

பல்லாண்டு தூங்கிய பெட்டியை நேரே 230 வோல்ட்டில் மாட்டவும் வேண்டாம். முதலில் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். அமெரிக்கக் கருவிகளில் பல 117 வோல்ட்டுக்கானவை. கெட்டுப்போன காகிதக் கெபாசிட்டர்களை மாற்றி, எர்த்தைச் சரிபார்த்து, குண்டு பல்பு போட்ட சீரிஸ் லேம்ப் வழியாக ஏற்றிப் பாருங்கள்.

அடுத்தது நஞ்சு. பழைய எண்ணெய்க் கெபாசிட்டர்களில் பாலிகுளோரினேட்டட் பைஃபீனைல் இருக்கலாம். 2016இல் மத்திய அரசு போட்ட ஆணை, இதன் பயன்பாட்டை முழுவதும் நிறுத்த 2025 டிசம்பர் 31ஐக் கெடுவாக வைத்தது. கசிகிற டப்பாவை வெறுங்கையால் தொடக் கூடாது, எரிக்கவே கூடாது. சில ரெக்டிஃபையர் வால்வுகளில் பாதரசம் உண்டு. சில மீட்டர் முட்களில் ரேடியப் பூச்சு உண்டு. உடைக்காதவரை பெரிய ஆபத்தில்லை, ஆனால் சுரண்டாதீர்கள். என்னவென்று தெரியாத ஆய்வகக் கருவியைப் பிரிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு டெல்லி மாயாபுரி சாட்சி. 1985க்குப் பின் சும்மா கிடந்த காமா கதிர்க் கருவியை டெல்லிப் பல்கலைக்கழகம் 2010 பிப்ரவரியில் ஏலம் விட்டது. காயலான் கடையில் அதை உடைத்தார்கள். உள்ளே இருந்தது கோபால்ட்-60. ஒரு தொழிலாளி இறந்தார், இன்னும் சிலர் கதிர்வீச்சுப் பாதிப்போடு மருத்துவமனைக்குப் போனார்கள். வால்வு கருவியில் அத்தனை கதிர்வீச்சு கிடையாது. ஆனால் கதிர்வீச்சு முத்திரை ஒட்டிய எந்தப் பெட்டியையும் வாங்கவோ பிரிக்கவோ வேண்டாம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தெரிவியுங்கள்.

இனி சட்டம். மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 என்பவை 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. ஆய்வகக் கருவிகளும் அவற்றின் பட்டியலில் வருகின்றன. சொந்தக் கருவியைச் சரிசெய்து வைத்துக்கொள்ள எந்தப் பதிவும் வேண்டாம். பழசை வாங்கிப் புதுப்பித்து விற்பது தொழிலானால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தளத்தில் புதுப்பிப்பாளராகப் பதிய வேண்டும். குறு நிறுவனங்களுக்கு இந்த விதிகளிலிருந்து விலக்கு உண்டு. ஓராண்டில் 1,000 கருவிகளுக்குக் குறையாமல் பயன்படுத்தும் நிறுவனங்கள் தங்கள் மின்னணுக் கழிவைப் பதிவுபெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும், கேட்டில் நிற்கும் வண்டியில் ஏற்றிவிட முடியாது. ஆகவே தொழிற்சாலைச் சரக்கு என்று சொல்லி விற்றால், வெளியே வந்ததற்கான காகிதத்தைக் கேளுங்கள். திருட்டுச் சொத்து என்று தெரிந்து வாங்கினாலும், அப்படி நம்பக் காரணம் இருந்தும் வாங்கினாலும் குற்றம்.

ரசீதில் மாடல், சீரியல் எண்ணோடு, விற்பவர் ‘ஓடும்’ என்று சொன்னால் அந்த வார்த்தையையும் எழுதி வாங்குங்கள். பொய் சொல்லி விற்ற வியாபாரிமீது 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது. சுயதொழிலில் பிழைக்க வாங்கியவரும் நுகர்வோர்தான், மறுவிற்பனைக்கு வாங்கியவர் அல்ல.

காயலான் கடையில் பெட்டி பிரிக்கும் பையன்களைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். கையுறைகூடக் கொடுக்காமல் அவர்களை இந்த வேலையில் உட்காரவைப்பது அநியாயம். தான் கையாளும் பொருளின் ஆபத்தை முதலாளியிடம் கேட்டறியும் உரிமையைத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 111ஏ பிரிவு கொடுத்தது. 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்பிலும் அது இருக்கிறது. ஷாக் அடித்தவரைத் தொடும் முன் மெயினை அணையுங்கள். மூச்சில்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்கிவிட்டு 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஈசிஜி எடுக்க வேண்டும். மருத்துவமனையில் ‘வேலையிடத்தில் மின்சாரம் தாக்கியது’ என்று விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லி நகல் வாங்கிக்கொள்ளுங்கள். ஈஎஸ்ஐ பலனுக்கும் இழப்பீட்டுக்கும் அந்தத் தாள் வேண்டும்.

வயரையும் போர்டையும் திறந்தவெளியில் எரிப்பதைப் பார்த்தால் தேதி போட்டுப் படமெடுத்து, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஸ்ரீபெரும்புதூர் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்தில் கொடுங்கள். நடவடிக்கை இல்லையென்றால் சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். வழக்குக்கான கெடு பொதுவாக 6 மாதம், பாதிப்புக்கு இழப்பீடு கேட்க 5 ஆண்டு.