சீனிக் கணக்கு

குறிஞ்சாக்கேணித் தேநீர்க் கடைகளில் சீனி கரைவது பிளேன்ரீயில்தான். கிண்ணியாவை ஒட்டிய இந்த முஸ்லிம் ஊரில் மது மார்க்கத்துக்கு ஆகாதது. ஆனால் அதே சீனிக்கு இலங்கையில் இன்னொரு வேலையும் உண்டு. ஈஸ்டும் தண்ணீரும் சேர்த்துப் புளிக்க விட்டால் கோடா; அதைக் காய்ச்சி வடித்தால் கசிப்பு.

இலங்கையின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தோருக்கு மது விற்பதையும் மது விளம்பரத்தையும் தடுத்தது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் மதுவரி அடுத்தடுத்து ஏறியது. சாராயப் போத்தலின் விலை கூலிக்காரரின் கைக்கு எட்டாமல் போனால், அவர் குடியை விடுவாரா, கசிப்புக்குப் போவாரா?

இதே கேள்விக்கு ரஷ்யர்கள் பெரிய விலை கொடுத்திருக்கிறார்கள். 1985 மே மாதம் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் கொர்பச்சேவ் மதுவுக்கு எதிராக இறங்கினார். வொட்கா உற்பத்தி சுருங்கியது, கடை நேரம் குறைந்தது, திராட்சைத் தோட்டங்கள் பிடுங்கப்பட்டன. பொதுச் செயலாளரை, மினரல் தண்ணீரை வைத்து, 'மினரல் செயலாளர்' என்று மக்கள் கேலி பேசினார்கள். ரஷ்ய மொழியில் இரண்டும் எதுகையாக ஒலிக்கும். கேலி ஒருபுறம் இருக்க, ஆண்களின் சராசரி ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று வயது கூடியது. கூடவே கடைகளில் சீனியும் காணாமல் போனது. வீட்டு அடுப்புகளில் 'சமகோன்' கொதித்தது. அது அவர்களுடைய கசிப்பு. அரசின் வரி வருமானமும் சரிந்தது. சில ஆண்டுகளில் இயக்கம் ஓய்ந்தது. சோவியத் உடைந்தபின் மலிவு மது பெருகி, 1994இல் ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் 58க்கும் கீழே விழுந்தது. குடும்பத் தலைவன் அன்றைய ஓய்வூதிய வயதான 60ஐக் காணாமலே போவது சாதாரணமானது.

ரஷ்யாவில் பிறகு வந்த வழி நிதானமானது. வொட்காவுக்குக் குறைந்தபட்ச விலை, இரவு விற்பனைத் தடை, போத்தல் ஒவ்வொன்றையும் பின்தொடரும் பதிவு முறை. அதுவரை உணவுப் பொருளாக விற்ற பியர்கூட 2011 சட்டத்தால்தான் மதுவானது! 2003க்கும் 2016க்கும் இடையில் தலைக்கான மது நுகர்வு 43 சதவீதம் குறைந்ததாக உலக சுகாதார அமைப்பு சொல்கிறது.

அந்த 2016 டிசம்பரில்தான் ரஷ்யாவின் இர்குட்ஸ்க் நகரில் எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குடித்தது வொட்கா அல்ல, மெத்தனோல் கலந்த குளியல் திரவம். 'குடிப்பதற்கல்ல' என்று குப்பியிலேயே எழுதியிருந்தது. ஆனால் வொட்காவைவிட மலிவு. 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் மெத்தனோல்தான். அவர்களில் பலர் தினக்கூலிகள். அரசே மதுக்கடை நடத்தும் மாநிலத்தில், அவர்கள் வாங்கியது பாக்கெட்டில் விற்ற கள்ளச்சாராயத்தை.