கேஸ்ட்ரிக் பேண்ட் சத்திரசிகிச்சைக்குப் பிறகு: நான் மறைத்ததும் கற்றுக்கொண்டதும்

கடந்த மாதம் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தபோது, ஊர்த் தம்பி ஒருவர் என்னை ஓரமாக அழைத்துச் சென்றார். வயது முப்பத்தைந்து இருக்கும். நல்ல பருமன்.

"காக்கா, நீங்க வயித்துல பட்டி போட்டிருக்கீங்க எண்டு கேள்விப்பட்டன். நானும் ஒப்பரேசன் செய்யலாமெண்டு யோசிக்கிறன். ஊட்டுல மட்டும்தான் தெரியும். வேற ஒருத்தருக்கும் சொல்லல்ல, சொல்லவும் மாட்டன்" என்றார்.

அவருடைய முதல் கேள்விகளுக்குப் பதில் சொல்வது இலகுவாக இருந்தது. கடைசியாகச் சொன்ன வார்த்தைதான் என்னை உறுத்தியது. நானும் அப்படித்தான் நான்கு வருடங்கள் ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தேன். அதற்கு நான் கொடுத்த விலை சிறியதல்ல. அவரைப் போல இன்னும் பலர் மனதுக்குள் யோசித்துக்கொண்டிருக்கலாம் என்பதால் இதை எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்ல. பட்டியோடு பல வருடங்கள் வாழ்ந்தவன், அவ்வளவுதான்.

ஏன் செய்தேன்?

2012 இல் கத்தாரில் ஒரு கம்பனியில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். உயரம் 168 சென்ரிமீற்றர், எடை 128 கிலோ. உடற்திணிவுச் சுட்டி 45. நீரிழிவு வந்து ஆறு வருடங்கள். இரவில் மூச்சுத் திணறி எழும்புவேன். ஸுஜூதிலிருந்து எழும்ப முடியாமல் நாற்காலியில் இருந்து தொழ ஆரம்பித்தபோது எனக்கு வயது 41. வாப்பா மாரடைப்பில் வபாத்தானது 52 வயதில். இந்த இரண்டு இலக்கங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் முடிவெடுத்தேன்.

உணவுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி எல்லாம் செய்யாமல் இல்லை. மூன்று தடவைகள் பத்துப் பதினைந்து கிலோ குறைத்தேன். மூன்று தடவையும் அது வட்டியோடு திரும்பி வந்தது. சோம்பேறித்தனம் என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எடை குறையும்போது உடம்பு அதை எதிர்த்துப் போராடுகிறது. பசியைக் கூட்டுகிறது, சக்திச் செலவைக் குறைக்கிறது. இது மருத்துவம் ஏற்றுக்கொண்ட உண்மை.

அல்லாஹ் தந்த உடம்பில் கை வைக்கலாமா என்ற கேள்வியும் எனக்குள் இருந்தது. ஒரு ஆலிமிடம் கேட்டேன். அழகுக்காகவா, நோய்க்காகவா என்று திருப்பிக் கேட்டார். வைத்திய அறிக்கைகளைக் காட்டினேன். நோய்க்கு மருந்து தேடுவது மார்க்கத்துக்கு முரண் அல்ல என்று சொல்லி துஆச் செய்து அனுப்பினார்.

பட்டி என்ன செய்கிறது?

இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி ஒரு சிலிக்கோன் பட்டியை மாட்டுகிறார்கள். வயிற்றைப் பெரிதாக வெட்டுவதில்லை. சிறு துளைகள் ஊடாகக் கமெராவை அனுப்பிச் செய்வார்கள். நான் அடுத்த நாளே அறைக்குத் திரும்பிவிட்டேன். பட்டிக்கு மேலே ஒரு சின்னப் பை உருவாகிறது. அதன் கொள்ளளவு ஆரம்பத்தில் 15 முதல் 30 மில்லிலீற்றர்தான். இரண்டு மேசைக்கரண்டி அளவு. அது நிறைந்ததும் போதும் என்ற உணர்வு வரும். பிறகு சாப்பாடு மெதுவாகக் கீழே இறங்கும்.

பட்டியின் உட்புறம் ஒரு பலூன் போல இருக்கும். அதிலிருந்து வரும் குழாய், வயிற்றுத் தோலுக்கு அடியில் தைத்த ஒரு சிறு குமிழில் முடிகிறது. வைத்தியர் அந்தக் குமிழில் ஊசி குத்தி உப்பு நீரை ஏற்றினால் பட்டி இறுகும், எடுத்தால் தளரும். முதல் இறுக்கம் எனக்கு ஆறாவது வாரம் நடந்தது. ஊசி குத்தியதும் ஒரு கப் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். தண்ணீர் இறங்கினால்தான் வீட்டுக்கு விடுவார்கள்.

சரியான இறுக்கம் கிடைக்க எனக்கு ஐந்து தடவைகள் போக வேண்டியிருந்தது. அதனால்தான் சொல்கிறேன், பட்டி என்பது ஒரு நாள் ஒப்பரேசன் அல்ல. அது வயிற்றில் இருக்கும் வரை வைத்தியரோடு தொடர்பு வேண்டும்.

எது இறங்கும், எது இறங்காது

முதல் இரண்டு வாரம் திரவம். அடுத்த இரண்டு வாரம் மசித்த உணவு. அதன் பிறகுதான் சாதாரணச் சாப்பாடு. சாதாரணம் என்று சொன்னாலும், பழைய சாதாரணம் அல்ல.

பாண், பராட்டா, இறுகிய சோறு, மாட்டிறைச்சி ஆகிய நான்கும் எனக்கு எதிரிகள். பருப்பு, முட்டை, மீன் ஆணம், தயிர், பப்பாசி ஆகியவை பிரச்சினையில்லாமல் இறங்கும். இடியப்பம் ஆணத்தில் நன்றாக ஊறினால் ஒன்று. ஒவ்வொரு வாயையும் இருபது தடவை மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது; சாப்பிட்டு அரை மணித்தியாலம் பொறுக்க வேண்டும். போதும் என்பதற்கு எனக்கு ஒரு அடையாளம் உண்டு: மூக்கு ஒழுக ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு ஒரே ஒரு வாய் வைத்தாலும் நெஞ்சுக்குள் கல் வைத்தது போல அடைக்கும். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். கடைசியில் சாப்பிட்டது திரும்பி வரும்.

ஆனால் பட்டிக்கு ஒரு பலவீனம் உண்டு. அது கட்டியான உணவைத்தான் தடுக்கும். வட்டிலப்பம், பலூடா, ஐஸ்கிரீம், டின்பால் தேநீர் எல்லாம் எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். முதல் வருடம் 22 கிலோ குறைந்த நான், இடையில் ஆறு மாதம் அப்படியே நின்றுவிட்டேன். காரணம் தேடினால், ஒரு நாளைக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சீனி. சோற்றைப் பட்டி தடுத்தது. தேநீரை நான்தான் தடுக்க வேண்டியிருந்தது.

இரண்டு வருட முடிவில் 98 கிலோவுக்கு வந்தேன். பட்டி போட்டவர்கள் சராசரியாக மிகை எடையில் ஏறக்குறைய பாதியை இழக்கிறார்கள் என்பார்கள். எனக்கும் அந்தக் கணக்குத்தான். மெலிந்த மனிதனாக ஆகவில்லை. ஆனால் நீரிழிவு மாத்திரை பாதியாகக் குறைந்தது. நாற்காலியை விட்டு மீண்டும் ஸப்பில் நின்று தொழுதேன். அல்ஹம்துலில்லாஹ்.

"எனக்குக் கேஸ்ட்ரிக்"

2015 இல் ஊர் திரும்பினேன். அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர் ஒன்று. விருந்தில்லாத வாரம் கிடையாது. மெலிந்து வந்த என்னைப் பார்த்துச் சிலர் "சீனி கூடிட்டா?" என்றார்கள். ஒருவர் புற்றுநோயா என்று மனைவியிடமே கேட்டுவிட்டார். உண்மையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வாயைக் கட்ட முடியாமல் வயிற்றைக் கட்டியவன் என்று சிரிப்பார்களே என்று பயந்தேன்.

எனக்குக் கைகொடுத்தது ஒரு சொல். எமது ஊர்களில் வயிற்றெரிவுக்கு எல்லோரும் 'கேஸ்ட்ரிக்' என்றுதான் சொல்வார்கள். "எனக்குக் கேஸ்ட்ரிக், கனக்கச் சாப்பிட ஏலாது" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். பாதி உண்மைதானே என்று மனதையும் சமாதானப்படுத்தினேன்.

ஆனால் கேஸ்ட்ரிக் என்று சொன்னால் யார் விடுவார்கள்? "ஒரு நாளைக்கு ஒண்டும் ஆகாது" என்று இன்னும் ஒரு அகப்பை போடுவார்கள். சஹனைச் சுற்றி ஐந்தாறு பேர் அமரும்போது நல்ல இறைச்சித் துண்டை அடுத்தவரின் பக்கம் தள்ளி வைப்பது எமது அன்பு. அதை நானும் ஆயுள் முழுக்கச் செய்தவன். எனக்கு வைத்ததைச் சாப்பிடாமல் விட்டால் அவமதிப்பு. சாப்பிட்டால் வயிற்றில் இடமில்லை.

2016 இல் தங்கச்சி மகனின் வலீமா. மச்சான் சஹனுக்குப் பக்கத்திலேயே நின்றார். "மச்சான், எங்கட ஊட்டுக் கலியாணத்துல நீங்க சாப்பிடாமப் போனா எனக்கு மனசு சரியில்ல" என்று சொல்லித் தன் கையால் மாட்டிறைச்சித் துண்டு ஒன்றை எடுத்து வைத்தார். மூக்கு ஒழுக ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்து, சரியாக மெல்லாமலே விழுங்கினேன்.

அன்றிரவு முழுக்க வாந்தி. அடுத்த நாளும் வாந்தி. மூன்றாம் நாள் தண்ணீர்கூட இறங்கவில்லை. வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கும் நான் சொன்னது அதே பொய்தான்: கேஸ்ட்ரிக். வயிற்றெரிவுக்குரிய ஊசியைப் போட்டார்கள். அவர்களில் பிழை சொல்ல முடியாது. நோயாளி சொன்னதற்குத்தான் மருந்து கொடுத்தார்கள்.

மனைவிதான் பொறுமை இழந்தார். "மூத்தவன் வெளியில அழுதுக்கிட்டு நிக்கான். இன்னும் மறைக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு, வார்டில் நின்ற இளம் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவர் உடனே என் வயிற்றைத் தடவிக் குமிழைக் கண்டுபிடித்தார். கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். அன்றிரவே வாகனத்தில் கொழும்பு போனோம்.

அங்கே பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். பட்டி இடம் நழுவியிருந்தது. ஊசி குத்தி அதிலிருந்த நீர் முழுவதையும் வெளியே எடுத்தார்கள். சில நிமிடங்களில் தண்ணீர் இறங்கியது. அந்த முதல் மிடறை நான் மறக்கமாட்டேன். நாட்கணக்கில் வாந்தி எடுத்தால் உடம்பில் விற்றமின் பீ1 வற்றி நரம்புகள் பாதிக்கப்படலாம் என்று அதையும் சேலைனோடு ஏற்றினார்கள். நழுவல் சரியாகாவிட்டால் இரைப்பையின் அந்தப் பகுதிக்கு இரத்த ஓட்டம் தடைப்படலாம், மீண்டும் ஒப்பரேசன் செய்ய நேரிடலாம் என்றார் வைத்தியர். அல்லாஹ்வின் உதவியால் எனக்கு அதுவரை போகவில்லை. ஆறு வாரம் கழித்து, முன்பைவிடக் குறைவாக மீண்டும் நீரேற்றினார்கள்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக மச்சானிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இத முதலே சொல்லியிருந்தா நான் ஏன் மச்சான் வெக்கப் போறன்?" என்று கண் கலங்கினார். இப்போது அவர் வீட்டு விருந்தில் எனக்கு முன்னால் ஒரு சின்னக் கிண்ணத்தில் மீன் ஆணமும் பருப்பும் வரும். யாராவது அகப்பையோடு வந்தால் அவரே தடுத்துவிடுவார்.

நோன்பு காலத்தில்

பட்டி போட்டால் நோன்பு பிடிக்கலாமா என்று அந்தத் தம்பி கேட்டார். ஒப்பரேசன் செய்த வருடம் வைத்தியர் வேண்டாம் என்றார். பிறகு களாச் செய்தேன். அடுத்த வருடத்திலிருந்து பிடிக்கிறேன். ஆனால் இது ஆளுக்கு ஆள் வேறுபடும். குறிப்பாக நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் ரமழானுக்கு முன்பே வைத்தியரைப் பார்த்து மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

எனக்குக் கஷ்டம் பசி அல்ல, தாகம். மற்றவர்களைப் போல மடக் மடக்கென்று குடிக்க முடியாது. ஒரு பேரீச்சம்பழத்தை நன்றாக மென்று, சில மிடறு தண்ணீரோடு நோன்பு திறந்துவிட்டு மஃரிபுக்குப் போவேன். வந்த பிறகு அரைக் கோப்பைக் கஞ்சி. சமோசாவும் ரோல்ஸும் எனக்கில்லை. தராவீஹுக்குப் போகும்போது தண்ணீர்ப் போத்தல் கையில் இருக்கும். இரண்டு ரக்அத்துக்கு ஒரு தடவை இரண்டு மிடறு. தூங்கும்வரை இப்படியே ஒன்றரை லீற்றர் முடித்துவிடுவேன்.

விடியப்புறத்தில் எனக்குப் பட்டி கூடுதலாக இறுகியிருக்கும். அதனால் ஸஹருக்கு ஒரு மணித்தியாலம் முந்தியே எழும்பி, முதலில் வெதுவெதுப்பான தண்ணீர் குடித்து, பிறகு முட்டையும் தயிரும் எடுப்பேன். பாங்கு சொல்லப் போகிறது என்று அவசரமாக விழுங்கினால் அன்றைய நோன்பு வாந்தியோடுதான் தொடங்கும்.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிமொழியை நாம் எல்லோரும் பயானில் கேட்டிருக்கிறோம். எனக்கு அதைப் பட்டி ஞாபகப்படுத்துகிறது. மற்றவர்கள் பட்டியில்லாமலே அதைச் செய்யலாம்.

யோசிப்பவர்களுக்கும் அவர்களின் வீட்டாருக்கும்

அமெரிக்காவில் 2001 இல் அனுமதி கிடைத்த பிறகு இந்தப் பட்டி உலகெங்கும் பிரபலமானது. ஆனால் நழுவுதல், இரைப்பைச் சுவரை அரித்தல், குமிழில் கிருமித் தொற்று போன்ற காரணங்களால் கணிசமானோருக்கு மறுபடியும் ஒப்பரேசன் தேவைப்பட்டது. இன்று வைத்தியர்கள் பெரும்பாலும் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி அகற்றும் 'ஸ்லீவ்' முறையையோ, 'பைபாஸ்' முறையையோதான் சொல்கிறார்கள். பட்டியைக் கழற்றலாம். வெட்டிய இரைப்பையைத் திருப்பி வைக்க முடியாது. எது பொருத்தம் என்பதை உங்கள் வைத்தியர்தான் சொல்ல வேண்டும். 2022 இல் வெளியான சர்வதேச வழிகாட்டல், சுட்டி 35 அல்லது அதற்கு மேற்பட்டவர்களுக்கு இச்சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது. ஆசியர்களுக்கு 27.5 இலிருந்தே பரிசீலிக்கலாம் என்கிறது.

எந்த முறையானாலும் ஒப்பரேசனுக்கு முன்பே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஊருக்கு வந்த பிறகு என்னை யார் பார்ப்பார்? வெளிநாட்டில் செய்துகொள்பவர்கள் எல்லா அறிக்கைகளையும், பட்டியின் வகை, ஏற்றிய நீரின் அளவு உட்பட, கையில் கொண்டுவாருங்கள். என்னுடைய பணப்பையில் இப்போது தேசிய அடையாள அட்டைக்குப் பின்னால் ஒரு சிறு அட்டை இருக்கிறது. வயிற்றில் பட்டி இருக்கிறது, குமிழ் இந்த இடத்தில், வைத்தியரின் இலக்கம் இது என்று அதில் மூன்று மொழிகளிலும் எழுதியிருக்கிறேன். வலி மாத்திரைகளை வைத்தியரைக் கேட்காமல் விழுங்குவதில்லை.

வீட்டாருக்கும் உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒருவர் போதும் என்று சொன்னால், ஏன் என்று கேட்காமல் விட்டுவிடுங்கள். அவர் வயிற்றில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவது அவர் தட்டை நிரப்புவதில் மாத்திரம் இல்லை.

எனக்கு இப்போது எடை 101 கிலோ. வாப்பாவின் வயதைத் தாண்டிவிட்டேன். அந்தத் தம்பியிடம் நான் கடைசியாகச் சொன்னது இதுதான்: "ஒப்பரேசனைப் பத்தி டொக்டர்கிட்டக் கேளுங்க. ஆனா செய்ய முந்தி உம்மாகிட்டயும், கூடப் பொறந்தவங்ககிட்டயும், சஹன்ல உங்களோட குந்துற கூட்டாளிமார்கிட்டயும் சொல்லிடுங்க."

அவர் யோசித்துவிட்டு, "உம்மாகிட்ட முதல்ல சொல்றன் காக்கா" என்றார். அல்லாஹ் அவருக்கு இலேசாக்கி வைப்பானாக.