லாரியை விட்டு இறங்க நினைப்பவர்களுக்கு

சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்கத்து இளைஞர்கள் இருவர் என்னிடம் வந்து, "அண்ணே, லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு வேறு தொழில் பார்க்கலாமா?" என்று கேட்டார்கள். பந்தியில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல அது. ஆகவே என் அனுபவத்தையும், பின்னாளில் நான் கேட்டறிந்த விவரங்களையும் இங்கே எழுதுகிறேன்.

நான் இராமநாதபுரம் மாவட்டத்துக்காரன். 1989இல் சென்னையிலிருந்து கப்பலேறி, கிளீனர் வேலைக்காகப் போர்ட் பிளேரில் வந்து இறங்கினேன். அந்த ஊருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். 1993இல் கனரக வாகன உரிமம் எடுத்தேன். அப்போது மத்திய அந்தமானில் மரத்தடி லோடுக்குக் குறைவே இல்லை. படாக், குர்ஜன் தடிகளைக் காட்டிலிருந்து துறைக்கும் ஆலைக்கும் ஏற்றினோம். இந்தத் தொழில் என்றைக்கும் இருக்கும் என்றே எல்லோரும் நம்பினோம்.

அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. 2001 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2002 மே 7ஆம் தேதி விரிவான உத்தரவு வந்தது. இயற்கைக் காட்டு மரங்களை வணிகத்துக்காக வெட்டுவதும், அவற்றைத் தாய்நாட்டுக்கு அனுப்புவதும் நின்றன. காட்டையும் ஜாரவா மக்களையும் காக்க வந்த உத்தரவு அது. அதில் நியாயம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மரத்தை மட்டுமே நம்பியிருந்த டிரைவர்கள் ஒரே ஆண்டில் கையைப் பிசைந்து நின்றார்கள். சிலர் ஊர் திரும்பினார்கள். என்னைப் போன்றவர்கள் பாக்கு, தேங்காய், சிமெண்டு லோடுக்கு மாறினோம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கட்டுமானச் சாமான்கள் மிகுதியாக வந்ததால் சில ஆண்டுகள் வண்டி ஓடியது. ஒரே சரக்கை நம்பிய தொழில் ஒரு நாளில் நின்றுவிடும் என்பதை அப்போதே கற்றிருக்க வேண்டும். நான் கற்றது தாமதமாகத்தான்.

நான் இறங்கிய காரணம்

2013ஆம் ஆண்டு திக்லிபூரிலிருந்து பாக்கு, தேங்காய் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். நம் டிரங்க் ரோட்டில் நினைத்த நேரத்தில் போக முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். படகுத்துறையில் காத்திருக்க வேண்டும். மிடில் ஸ்ட்ரெயிட்டுக்கும் ஜிர்காடாங்குக்கும் இடையே உள்ள ஜாரவா காப்புப் பகுதியில், குறித்த நேரத்தில் காவலுடன் வரிசையாகத்தான் போக வேண்டும். ஒரு படகைத் தவறவிட்டால் அன்றைய கணக்கே கெட்டுவிடும். உத்தரா துறையில் முதல் படகைப் பிடிக்க இரவெல்லாம் ஓட்டினேன். கடம்தலாவுக்கு அருகே விடியும் நேரத்தில் கண் அசந்துவிட்டது. "அண்ணே!" என்று கிளீனர் தம்பி அலறியபோது முன்சக்கரம் தாரை விட்டு இறங்கியிருந்தது. எதிரே வண்டி இல்லை, பள்ளமும் ஆழமில்லை. யாருக்கும் காயமில்லை.

அந்தத் தம்பிக்கு அப்போது வயது பத்தொன்பது. ஊரில் அவன் அம்மாவிடம் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வீட்டில் சொன்னேன். என் மனைவி திட்டவில்லை. "இன்னும் எத்தனை வருஷம் ஓட்டுவீங்க என்று ஒரு கணக்குச் சொல்லுங்க. அதற்குள் வேறு வழி பார்ப்போம்" என்றாள். ஓராண்டு என்று முடிவு செய்தோம். 2014இல் இறங்கினேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்றும், தொடர்ந்து 5 மணி நேரம் வேலை செய்தால் அரை மணி ஓய்வு என்றும் வகுத்தது. ஆனால் ஐந்து தொழிலாளருக்குக் குறைவான இடங்களுக்கு அது பொருந்தவில்லை. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருந்தவர்களிடம் வேலை பார்த்த நம்மில் பலர் அந்தக் கணக்குக்கு வெளியே இருந்தோம்.

இறங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலாவது, வர வேண்டிய பணம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனமானால் வருங்கால வைப்பு நிதி உண்டு. பத்தாண்டு சேவை முடிந்திருந்தால் ஓய்வூதிய உரிமையும் உண்டு. அது நிறையும் முன் அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். 10 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை உண்டு. நான் ஒருவரிடம் ஒன்பது ஆண்டு ஓட்டினேன். கையெழுத்திட்ட ஒரு சீட்டுகூட என்னிடம் இல்லாததால் எதையும் கேட்க முடியவில்லை. சம்பளச் சீட்டையும் டிரிப் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாவது, உரிமம். தொழிலை விட்டாலும் உரிமத்தை விடாதீர்கள். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பின் போக்குவரத்து வாகன உரிமம் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். காலாவதியாகி ஓராண்டு தாண்டினால் மீண்டும் ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். புதிய தொழில் படுத்துவிட்டால் கைகொடுக்கப் போவது அந்த அட்டைதான்.

மூன்றாவது, உடம்பு. இருபது ஆண்டு ஆட்டத்தில் இடுப்பு தேய்ந்திருக்கும். உட்கார்ந்தே இருந்ததில் சர்க்கரை சேர்ந்திருக்கும். இறங்கிய பிறகுதான் எனக்குச் சர்க்கரை இருப்பதே தெரிந்தது. முதலில் பரிசோதனை செய்துகொண்டு, இந்த உடம்பு எந்த வேலையைத் தாங்கும் என்று பாருங்கள்.

எந்தத் தொழில்?

நான் மூன்றை யோசித்தேன். சுற்றுலாக் கார் ஓட்டலாம் என்றார்கள். அதுவும் அதே ஸ்டியரிங், அதே படகுத்துறைக் காத்திருப்பு என்பதால் வேண்டாமென்றேன். 2020இல் கொரோனா வந்து சுற்றுலா நின்றபோது அந்த நண்பர்கள் பட்ட பாட்டையும் பார்த்தேன். டிரைவிங் பள்ளியில் சொல்லிக் கொடுக்கலாம் என்றார்கள். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி பயிற்சியாளர் பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். ஐந்தாண்டு ஓட்டிய அனுபவமும் மோட்டார் மெக்கானிக் சான்றிதழும் வேண்டும். எட்டாவதோடு நின்ற எனக்கு அது வாய்க்கவில்லை. உங்களில் பத்தாவது தேறியவர்களுக்கு நல்ல வழி அது.

மூன்றாவது, டயர் வேலை. ஆண்டில் பாதிக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. கல் பெயர்ந்த சாலையில் டயர் அடி வாங்கும். புது டயர் கப்பலில்தான் வர வேண்டும். கப்பல் தாமதமானால் பழைய டயரைக் காப்பாற்றுகிறவனுக்கு மதிப்பு. எந்த டயர் எதனால் ஒரு பக்கம் தேய்கிறது, லோடுக்கு எவ்வளவு காற்று என்பது எனக்குக் கைவந்த விஷயம். சேமிப்பும் மனைவியின் சீட்டுப் பணமும் போட்டு ரங்கத்தில் ஒரு பஞ்சர் கடை வைத்தேன்.

முதல் எட்டு மாதம் லாரி வருமானத்தில் பாதிகூட வரவில்லை. மனைவியின் தையல்தான் குடும்பத்தைத் தாங்கியது. ஆகவே ஓராண்டுச் செலவுக்குப் பணம் கையில் இல்லாமல் இறங்காதீர்கள். 2015இல் முத்ரா கடன் திட்டம் வந்தது. அதில் 50,000 ரூபாய் வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என்று பிரிவுகள். சொத்து அடமானம் தேவையில்லை. நான் அடுத்த ஆண்டு அதில் கடன் வாங்கிப் பெரிய கம்ப்ரஸர் போட்டேன். கடனைக் கருவியில் போடுங்கள். கடைப் பலகையிலும் திறப்பு விழாவிலும் போடாதீர்கள்.

எல்லோரும் இறங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. லாரி ஓடாவிட்டால் இந்தத் தீவில் அடுப்பு எரியாது. ஓட்டுகிறவர்கள் தூங்கி எழுந்து ஓட்டுங்கள். இறங்குகிறவர்கள் கணக்குப் பார்த்து இறங்குங்கள்.

அன்று என்னை எழுப்பிய அந்தத் தம்பி இப்போது சொந்த லாரி வைத்திருக்கிறான். காற்றுப் பிடிக்க என் கடைக்கு வரும்போதெல்லாம் நான் கேட்கும் முதல் கேள்வி, "ராத்திரி தூங்கினாயா?" என்பதுதான். இல்லை என்றால் கடைக்குப் பின்னால் கட்டில் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டு மணி நேரம் படுத்துவிட்டுத்தான் போவான். அடுத்த படகு போனால் போகட்டும். மேலும் ஐயம் உள்ள சகோதரர்கள் சங்கக் கூட்டத்தில் என்னைத் தயங்காமல் கேட்கலாம்.