ஒருமுனை 230, மும்முனை 400: நாட்டுக்கு நாடு மாறும் மின்னழுத்தம்

கடலூர் மாவட்டம் மேல்பட்டாம்பாக்கத்தில் வீட்டு மிக்சிக்கு 230 வோல்ட் போதும். கரும்புக்குத் தண்ணீர் இறைக்கும் மும்முனை மோட்டாருக்கு 400 வோல்ட் வேண்டும். இரண்டையும் ஒரே டிரான்ஸ்பார்மர் கொடுத்துவிடும். அதிலிருந்து மூன்று ஃபேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரலும் கிளம்புகின்றன. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே இருப்பது 230. இரண்டு ஃபேஸுகளுக்கு இடையே அது இரட்டிப்பாகி 460 ஆவதில்லை. மூன்று ஃபேஸும் ஒரே நேரத்தில் உச்சம் தொடாமல், சுற்றில் மூன்றிலொரு பங்கு தள்ளித் தள்ளி வருவதே காரணம். அதனால் 1.732-ஆல் பெருக்க வேண்டும். ஏறத்தாழ 400 கிடைக்கும்.

பழைய மோட்டார்களின் தகட்டில் 415 என்று இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இந்தியாவில் நெடுங்காலம் 240/415 வழக்கில் இருந்தது. ஐரோப்பாவின் பல நாடுகளில் 220/380. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1983-இல் நடுவாக 230/400 என்று வகுத்தது. இலங்கை, சிங்கப்பூரிலும் இப்போது அதுதான். நம்மூர் சாதனத்தை அங்கே தயங்காமல் போடலாம்.

சவூதியிலிருந்து பெட்டி கட்டி வருபவர்கள்தான் கவனிக்க வேண்டும். அங்கே நெடுங்காலம் ஒருமுனைக்கு 127, இரண்டு ஃபேஸுக்கு இடையே 220, அதே 1.732 கணக்கு. 230/400-க்கு மாற 2010-இல் முடிவெடுத்து, படிப்படியாக மாறி வருகிறார்கள். 127 வோல்ட்டுக்குச் செய்த மிக்சியை இங்கே நேரடியாகச் செருகினால் கருகிவிடும்.

அமெரிக்க வீடுகளின் கணக்கு வேறு. அங்கே 120-ம் 240-ம் ஒரே சுருளின் பாதியும் முழுதும், மும்முனை இல்லை. தொழிற்சாலைகளுக்கு 277/480. ஜப்பானில் வெறும் 100 வோல்ட். டோக்கியோ ஜெர்மன் இயந்திரத்தையும் ஒசாகா அமெரிக்க இயந்திரத்தையும் வாங்கியதால், இன்றும் கிழக்கே 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60.

இந்த ஹெர்ட்ஸைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். டிரான்ஸ்பார்மர் பெட்டி வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. அமெரிக்கா, சவூதியின் 60 ஹெர்ட்ஸ் மோட்டார் நம் 50-இல் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும், கூடுதலாகச் சூடேறும். ஃபோன், லேப்டாப் சார்ஜரில் 100–240, 50/60 என்று அச்சிட்டிருந்தால் கவலை இல்லை.

வெளிநாட்டுப் பொருளே இல்லாத வீட்டுக்கும் ஓர் ஆபத்து உண்டு. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்ட மாவட்டம் இது. கிளை விழுந்து நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்தால், வெவ்வேறு ஃபேஸில் உள்ள வீடுகள் 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும். குறைவாகக் கரண்ட் இழுக்கும் வீட்டுக்குப் பெரும் பங்கு வரும். டிவியும் ஃபிரிட்ஜும் புகைந்துவிடும். ஒரு வீட்டில் பல்பு கண்கூசும்படி எரிந்து, பக்கத்து வீட்டில் மங்கினால் அதுதான் அடையாளம். யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்து, அக்கம்பக்கத்தாரையும் அணைக்கச் சொல்லி, மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். லைன்மேன் வந்து நியூட்ரலைச் சேர்க்கும்வரை எதையும் போட வேண்டாம்.