கண்ணுக்கு முன்னால் இரண்டு சென்ரிமீற்றர்

வவுனியாவில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண் பரிசோதித்த துண்டோடு வருகிறவர்களுக்கு லென்ஸ் வெட்டி, பிரேமில் ஏற்றி, மூக்கிலும் காதிலும் உறுத்தாமல் வளைத்துக் கொடுப்பது தொழில். மாங்குளம், நெடுங்கேணி, புதுக்குடியிருப்பு என்று தூரத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிறார்கள். இப்போது இளம் பிள்ளைகள் புதிதாக ஒன்றைக் கேட்கிறார்கள்: போட்டுக்கொண்டால் வீதியும் தெரியும், வீதிக்கு மேலே எழுத்தும் படமும் தெரியும் என்கிறார்களே, அந்தக் கணினிக் கண்ணாடி எப்படி வேலை செய்கிறது? அதன் கணினியைப் பற்றி எழுத ஆட்கள் பலர் உண்டு. அதன் ஒளியைப் பற்றி எழுத என்னைப் போன்ற கண்ணாடிக்காரனுக்கும் உரிமை இருக்கிறது.

போனை மூக்கு நுனிவரை கொண்டுவந்து பாருங்கள். எழுத்தெல்லாம் கலங்கிவிடும். சாதாரணக் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் மிகக் கிட்டிய தூரம் 25 சென்ரிமீற்றர் என்று உயர்தரப் பௌதிகவியல் சொல்கிறது. கண்ணாடி லென்ஸ் இருப்பதோ கண்ணிலிருந்து 12, 14 மில்லிமீற்றரில். அந்த இடத்தில் எவ்வளவு நல்ல திரையை ஒட்டினாலும் பயனில்லை. ஆகவே நக அளவுத் திரை ஒன்றை ஓர் ஒருங்கு வில்லையின் குவியத்தில் வைக்கிறார்கள். அதிலிருந்து கதிர்கள் ஏறத்தாழச் சமாந்தரமாக வெளியேறும். கண் சிரமப்படாமல், தூரத்தில் நிற்கும் பெரிய மாய விம்பமாக அதைப் பார்க்கும். பாடசாலை ஆய்வுகூடத்தில் குண்டூசி நட்டுச் செய்த பரிசோதனைதான் இது.

அடுத்ததுதான் பெரிய வேலை: அந்த விம்பத்தையும் வெளியுலகையும் ஒரே கண்ணுக்குள் சேர்ப்பது. மாலையில் கடைக்குள் லைற் போட்டதும், முன்கண்ணாடியில் என் முகமும் தெரியும், அதற்குப் பின்னால் வீதியில் போகும் சைக்கிளும் தெரியும். கொஞ்ச ஒளியைத் தெறிக்கவிட்டு மீதியை ஊடுருவவிடும் இதே குணத்தை வைத்து 1862இல் லண்டன் மேடையில் ஹென்றி பெப்பர் என்பவர் ஆவியைக் காட்டினார். 1968இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லாந்து பாதி ஒளியைத் தெறிக்கவிடும் அரை ஆடிகளையும் இரண்டு சின்னப் படக்குழாய்களையும் தலையில் மாட்டி, கணினி வரைந்த கோடுகளை அறைக்குள் மிதக்கவிட்டார். தலையின் அசைவை அளக்கவும் பாரத்தைத் தாங்கவும் அந்தக் கருவியைக் கூரையோடு இணைத்திருந்தார்கள். கணினி எவ்வளவோ மாறிவிட்டது. அரை ஆடியின் கணக்கு மாறவில்லை.

அந்தக் கணக்கு என் மேசையிலேயே ஒருநாள் கிடந்தது. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த பொடியன் ஒருவன் ஒரு திரைக் கண்ணாடியைக் கொண்டுவந்தான்.

“அண்ணை, இதுக்குள்ள என்ர பவருக்கு லென்ஸ் போட ஏலுமோ?”

“பொறு தம்பி, முதல்ல இதுக்குள்ள என்ன இருக்கெண்டு பாப்பம்.”

புருவத்துக்கு மேலே கீழ்நோக்கிய இரண்டு சின்னத் திரைகள். கண்ணுக்கு முன்னால் 45 பாகை சாய்ந்த ஓர் அரை ஆடி. அதற்கும் முன்னால், உள்பக்கம் குழிந்த இன்னோர் அரை ஆடி. திரையின் ஒளி சாய்ந்த ஆடியில் பட்டு முன்னே போகிறது, குழிந்த ஆடியில் பட்டுத் திரும்புகிறது, மறுபடி சாய்ந்த ஆடியை ஊடுருவிக் கண்ணுக்கு வருகிறது. ஒவ்வோர் இடத்திலும் பாதி போனால் மிஞ்சுவது எட்டில் ஒரு பங்கு. வெளியுலகின் ஒளியும் இரண்டு அரை ஆடிகளைத் தாண்டவேண்டும். அதில் மிஞ்சுவது நாலில் ஒரு பங்கு. அதனால்தான் போட்டவுடன் கறுப்புக் கண்ணாடி போட்டதுபோல் வீதி இருண்டது. வீட்டுக்குள் படம் பார்க்க நல்ல சாமான். பொழுதுபட்ட பிறகு ஏ-9 வீதியைக் கடக்க அதைப் போடவேண்டாம் என்று அவனுக்குச் சொன்னேன்.

கண்ணாடி தெளிவாகவும் மெல்லியதாகவும் இருக்கவேண்டுமானால் வேறு வழி தேடவேண்டும். காதுப்பக்கம் ஒரு நுண்ணிய ஒளிவீழ்த்தி. அதிலிருந்து வரும் ஒளியை லென்ஸின் தடிப்புக்குள்ளேயே சரிவாக அனுப்பிவிடுகிறார்கள். அவதிக் கோணத்தைவிடக் கூடிய சரிவு என்றால் முழு அகத்தெறிப்பு நிகழும். ஒளி இரண்டு பரப்புகளிலும் மாறிமாறிப் பட்டு உள்ளேயே ஓடும். கண்ணுக்கு நேரே வந்ததும் அதை வெளியே எடுக்க இரண்டு முறைகள் உண்டு. கண்ணாடிக்குள் மிக மெல்லிய அரை ஆடிகளை வரிசையாகச் சாய்த்துப் புதைப்பது ஒன்று. இஸ்ரேலின் லூமஸ் நிறுவனத்தின் வழி அது. பரப்பில் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடக்கூடிய நெருக்கத்தில் கோடுகள் பதித்து, ஒளியை மடக்கி எடுப்பது மற்றது. மைக்ரோசொஃப்ட் 2016இல் வெளியிட்ட ஹோலோலென்ஸ் அந்த வழியில் போனது. கோடுகள் நிறத்துக்கு நிறம் வேறு கோணத்தில் மடக்குவதால் அதில் வானவில் சாயல் தட்டும். ஒளியும் கடுமையாக வீணாகும். வீழ்த்தியில் புறப்பட்டதில் நூறில் ஒரு பங்குகூடக் கண்ணுக்கு வந்து சேராத வடிவமைப்புகள் பல.

இங்கே என் தொழில் அறிவும் உதவுகிறது. கூடிய மைனஸ் பவர்காரருக்குச் சாதாரண பிளாஸ்ரிக் லென்ஸ் போட்டால் ஓரம் தடித்துப் போகும். ஆகவே முறிவுச் சுட்டி 1.67, 1.74 உள்ள விலை கூடிய லென்ஸை எடுத்துக் காட்டுவோம். கணினிக் கண்ணாடி செய்கிறவர்களும் கூடிய சுட்டியைத்தான் தேடுகிறார்கள், வேறொரு காரணத்துக்காக. சுட்டி 1.5 என்றால் அவதிக் கோணம் ஏறத்தாழ 42 பாகை, 1.74 என்றால் 35 பாகை. அவதிக் கோணம் குறையக் குறைய, உள்ளே அடைபட்டு ஓடக்கூடிய கோணங்களின் வீச்சு கூடும்; அதற்கேற்பக் காட்டக்கூடிய படமும் அகலும். மெட்டா நிறுவனம் 2024இல் காட்டிய ஓரியன் மாதிரியில் சிலிக்கன் காபைட்டைப் பயன்படுத்தினார்கள். அதன் சுட்டி 2.6க்கும் மேல். படம் ஏறத்தாழ 70 பாகை அகன்றது. ஆனால் விற்பனைக்குக் கொண்டுவர முடியாத விலை. அதே நிறுவனம் 2025இல் 799 டொலருக்கு விற்பனைக்கு விட்ட கண்ணாடியில் படம் 20 பாகைதான். கையை நீட்டி விரல்களை விரித்தால் பெருவிரலுக்கும் சின்னவிரலுக்கும் இடையில் வருவது அவ்வளவு.

இனி எங்கள் வெயிலுக்கு வருவோம். இந்தக் கருவிகள் உலகத்தின் மேல் ஒளியைச் சேர்க்கத்தான் முடியும், கழிக்க முடியாது. ஆகவே கறுப்பு என்று ஒரு நிறம் இவற்றில் இல்லை. கறுப்பு எழுத்து என்றால் அந்த இடத்தில் வெளியுலகம்தான் தெரியும். உச்சி வெயில் படும் வெள்ளைச் சுவரின் பிரகாசம் 25,000 நிற் அளவு. மேலே சொன்ன 799 டொலர்க் கண்ணாடி தரக்கூடிய உச்சம் 5,000 நிற். அதற்காகவே வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸை அதில் பூட்டியிருக்கிறார்கள். நல்ல யோசனை. ஆனால் அந்த வகை லென்ஸ் சூடு கூடினால் குறைவாகவே கறுக்கும். குளிர்நாட்டில் வாங்கிவந்தவர்கள் இங்கே அதே லென்ஸ் “வேலை செய்யேல்லை” என்று என்னிடம் முறையிடுவது இதனால்தான். சித்திரை வெயிலில் கிளிநொச்சி வயல்வெளியில் நிற்கிறவருக்கு ஏற்ற கண்ணாடியை இன்னும் யாரும் செய்யவில்லை.

வியர்வையும் ஒரு சிக்கல்; ஏனென்று சொல்கிறேன். வில்லை வெட்டமுன் நான் அளப்பது இரண்டு கண்மணிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை. பெரியவர்களில் பெரும்பாலும் 54 முதல் 74 மில்லிமீற்றர்வரை வரும். கணினிக் கண்ணாடியில் படம் தெரிவதற்குக் கண்மணி நிற்கவேண்டிய இடம் ஒரு சின்னப் பெட்டி அளவு. படத்தை அகலமாக்கினால் அந்தப் பெட்டி சுருங்கும், பெட்டியைப் பெரிதாக்கினால் படம் சுருங்கும். ஒரே கதிர்க்கற்றையைப் பல இடங்களில் மறுபடி மறுபடி வெளியே விட்டுத்தான் இதைச் சமாளிக்கிறார்கள். சாதாரணக் கண்ணாடி 25, 30 கிராம். அந்த 799 டொலர்க் கண்ணாடி 69 கிராம். மூக்கில் வியர்த்து இரண்டு மில்லிமீற்றர் வழுகினால் படத்தின் ஓரம் மங்கத் தொடங்கிவிடும்.

இவ்வளவு குறை சொல்கிறவன் ஏன் இதில் மினக்கெடுகிறேன் என்று கேட்கலாம். ஷெல் வெடித்த அதிர்ச்சியில் காது கேளாமல் போன ஓர் அம்மா முல்லைத்தீவுப் பக்கமிருந்து என்னிடம் வருகிறவர். மகள் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு சொல்லையும் கத்திச் சொல்வார். அம்மா உதட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். எதிரில் நிற்பவர் கதைப்பது அவர் கண்ணுக்கு முன்னால் தமிழில் எழுத்தாக ஓடினால் எப்படியிருக்கும்! பேச்சை எழுத்தாக்கும் வேலையைப் போனே செய்கிறது. எழுத்தைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் ஒளியியல்தான் இடிக்கிறது. 6/6 பார்வையுள்ள கண் ஒரு பாகைக்குள் 60 புள்ளிகளைப் பிரித்தறியும். அந்த மெட்டாக் கண்ணாடி தருவது 42. ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். பெரிய எழுத்தில் காட்டினால் வாசிக்கலாம்; அப்போது 20 பாகைக்குள் சில சொற்கள்தான் அடங்கும். பரவாயில்லை, அந்தச் சில சொற்களே அவருக்குப் போதும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று என்னை உறுத்துகிறது. 2013இல் வந்த கூகுள் கிளாஸ் வலக்கண்ணுக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடிக் குற்றியை வைத்தது. 2025இல் வந்த மெட்டாவின் கண்ணாடியிலும் படம் வலக்கண்ணுக்கு மட்டுமே. பவர் எல்லை மைனஸ் 4 முதல் பிளஸ் 4 வரை. போரில் ஒரு கண்ணை இழந்தவர்கள் வன்னியில் பலர். மிஞ்சிய கண்ணைப் பாதுகாக்கப் பொலிகாபனேற் லென்ஸ் போட்டுக் கொடுக்கிறேன். வலக்கண் போனவருக்கு இந்தக் கருவி வெறும் பிரேம். இடப்பக்கமும் ஒன்று செய்ய ஒளியியலில் எந்தத் தடையும் இல்லை. அப்படிப்பட்டவர்களை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவே.

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கிறது. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன்: இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடினால், வெயிலில் வாசிக்கக்கூடிய, எந்தக் கண்ணிலும் மாற்றிப் பூட்டக்கூடிய தமிழ் எழுத்துக் கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு உறவுகளுக்கு: இங்குள்ளவருக்கு இப்படியொரு கண்ணாடி அனுப்ப நினைத்தால், இரண்டு கண்ணின் பவர், கண்மணித் தூரம், எந்தக் கண்ணில் பார்வை நன்றாக இருக்கிறது என்ற மூன்றையும் முதலில் எழுதி வாங்குங்கள். எந்தக் கண்ணாடிக் கடையிலும் பத்து நிமிட வேலை.