மோட்டார்ஹோமின் மின்சார யந்திரம்

அமெரிக்காவில் நெடும்பயணம் புறப்படும் குடும்பங்கள், சமையலறையும் படுக்கையும் குளிர்சாதனமும் அமைந்த மோட்டார்ஹோம் என்னும் பெரிய வண்டியிலேயே வாரக்கணக்கில் வாசம் செய்வதுண்டு. மின்கம்பி எட்டாத வனாந்தரத்தில் அது நிற்கும்போது, வேண்டிய 120 வோல்ட் மின்சாரத்தை வண்டியின் பக்கவாட்டில் அடைபட்டிருக்கும் ஒரு சிறிய ஜெனரேட்டரே உற்பத்தி செய்து தருகிறது. உழைத்துத் தேய்வதைக் காட்டிலும் உழைக்காமல் கிடந்தே இந்த யந்திரம் பெரும்பாலும் கெடுகிறதாகையால், அதன் கோளாற்றை வீட்டு வாசலிலேயே கண்டுபிடிப்பது அப்படியொன்றும் பிரமாதமான காரியமல்ல.

பொத்தானை அழுத்தியும் எஞ்சின் சுழலவில்லையென்றால் பாட்டரியையும் அதன் முனைகளையும் பார்க்கவேண்டும். சுழன்றும் பற்றிக்கொள்ளாதபோதுதான் விசாரணை சுவாரசியமடைகிறது. பெட்ரோல் வண்டிகளில் ஜெனரேட்டருக்கு எரிபொருள் உறிஞ்சும் குழாய், டாங்கியின் அடிவரை இறங்காமல் சாமான்யமாகக் கால் டாங்கி மட்டத்திலேயே நின்றுவிடும். இரவெல்லாம் குளிர்சாதனத்தை ஓட்டிவிட்டு, மறுநாள் ஊர்திரும்பப் பெட்ரோலின்றி யாரும் தவிக்கலாகாதென்று நிர்மாணித்தவர்கள் செய்த ஏற்பாடு அது. பெட்ரோல் அந்த மட்டத்திற்குக் கீழே இறங்கிவிட்டால் ஜெனரேட்டர் கிளம்பாதென்ற இந்த விஷயம் தெரியாமல், ஆரோக்கியமான யந்திரத்தை அக்கக்காகக் கழற்றிப்போட்டுவிட்டு விழிப்பவர்கள் பரிதாபத்திற்குரியவர்கள்.

பெட்ரோல் போதுமான அளவு இருந்தால், சந்தேகம் கார்புரேட்டரின்மேல் விழவேண்டும். மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பாகங்கள் போய்விட, எஞ்சியது பிராணவாயுவோடு கலந்து பிசினாகி, கார்புரேட்டரின் நுண்ணிய துவாரங்களை அடைத்துவிடுகிறது. சுத்தம் செய்வதைத் தவிர வேறு மார்க்கமில்லை. மாதம் ஒருமுறை, சுமார் இரண்டு மணி நேரம், பாதிப் பளுவோடு ஓட்டிவந்தால் இந்த வியாதி அணுகாது.

ஓடத் தொடங்கிய எஞ்சின் பொத்தானை விட்டதும் நின்றுபோனால் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். எஞ்சின் ஒழுங்காக ஓடியும் விளக்கு எரியாவிட்டால், ஜெனரேட்டரிலுள்ள பிரேக்கர் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்கப்பால் உள்ளே பிரஷ்களும் சுருள்களும் கெட்டிருக்குமாயின், அது மெக்கானிக்கின் வேலை.

எந்தப் பரிசோதனையானாலும், கதவு திறந்திருக்கிறதென்று நம்பிக் கராஜுக்குள் மட்டும் எஞ்சினை ஓட்டாதீர்கள். புகையோடு வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, அது ஆளைக் கொன்றுவிடும்.